செயற்கை நுண்ணறிவை வாங்கும் முன் மனிதவளப் பிரிவை அழையுங்கள்: குமரி மாவட்டப் பணியிடங்களுக்கு ஒரு விளக்கம்

செயற்கை நுண்ணறிவால் வேலை பறிபோகும் என்று ஒரு நாள் செய்தி வருகிறது. அதைக் கற்றுக்கொண்டவருக்கே இனி வேலை என்று மறுநாள் இன்னொரு செய்தி வருகிறது. நாகர்கோவிலில் இருநூறு பேரை வைத்து நடக்கும் ஒரு தனியார் மருத்துவமனையோ, மார்த்தாண்டத்தில் ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு ஜவுளிக்கடையோ, கருங்கல் பக்கம் உள்ள ஒரு முந்திரி ஆலையோ இவற்றில் எதை நம்பியும் ஒரு முடிவுக்கு வர முடியாது. ஆனால் முடிவெடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. மென்பொருள் விற்பவர்கள் செயல்விளக்கம் காட்டிவிட்டுச் செல்கிறார்கள். அதற்குள்ளாகவே ஊழியர்கள் தங்கள் கைபேசியில் சாட்ஜிபிடியையோ ஜெமினியையோ திறந்து அலுவலகக் கடிதங்களை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த முடிவை முதலாளியும் கணினிப் பிரிவும் மட்டும் எடுப்பது தவறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. எந்தப் பணியைக் கருவியிடம் கொடுக்கலாம், கொடுத்த பின் பொறுப்பு யாருடையது, புதிதாகச் சேர்பவர் எங்கே தொழில் கற்பார் ஆகிய மூன்றும் ஆட்களைப் பற்றிய கேள்விகள். ஆகவே ஆட்களைச் சேர்த்து, பயிற்றுவித்து, பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர் விலைப்பட்டியல் வரும் முன்பே அந்த மேசையில் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பாளர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனி மனிதவளத் துறை வைத்திருக்கும் நிறுவனங்கள் இங்கே குறைவு. மருத்துவமனையில் நிர்வாக அலுவலர், பொறியியல் கல்லூரியில் முதல்வர் அல்லது துறைத்தலைவர், அண்டி ஆபீஸ் என்று நாம் அழைக்கும் முந்திரி ஆலையில் மேலாளர், கடையில் சம்பளப் பதிவேட்டைப் பார்க்கும் கணக்கர் என்று அந்த வேலை பலரிடம் சிதறிக் கிடக்கிறது. பதவிப் பெயர் எதுவானாலும் கீழே சொல்லப்படுபவை அவர்களுக்குரியவை.

கருவி என்ன செய்கிறது

பணியிடத்துக்கு வரும் செயற்கை நுண்ணறிவை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

1. வகைப்படுத்தும் கருவிகள். படத்தையோ எண்களையோ பார்த்து, இது இந்த வகை என்று பிரிப்பவை. முந்திரிப் பருப்பை நிறத்தையும் அளவையும் கொண்டு பிரிக்கும் கேமரா இயந்திரம், விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தும் மென்பொருள், முகத்தைப் பார்த்து வருகை பதியும் கருவி ஆகியவை இவ்வகை.

2. எழுதித் தரும் கருவிகள். 2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடிக்குப் பின் பரவலானவை இவை. பெருமொழி மாதிரி என்று அழைக்கப்படும் இவற்றின் அடிப்படை, இதுவரை வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய துண்டைக் கணித்து எழுதிக்கொண்டே போவதுதான்.

இரண்டாம் வகையின் இயல்பைப் புரிந்துகொண்டால் அதன் பிழைகள் ஏன் அப்படி வருகின்றன என்பது விளங்கும். தெரியாத இடத்திலும் அது சரளமாகவே எழுதும். சரளம் குறையாததால் பிழை கண்ணில் படாது. ஏராளமான எழுத்துகளைக் கொடுத்து அதைப் பழக்கும் பயிற்சிக்குப் பிறகு நடந்தவற்றை, இணையத்தில் தேடும் வசதி இணைக்கப்படாதவரை, அது அறியாது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன் பயிற்சி முடிந்த ஒரு மாதிரியைக் கன்னியாகுமரி விடுதி ஒன்று வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வைத்தால், அப்படியொரு பாலமே இல்லை என்று அது பணிவாக எழுதக்கூடும். கடல் கொந்தளிப்பால் படகு நிறுத்தப்பட்ட நாளிலும், படகு வழக்கம்போல் ஓடுகிறது என்று சொல்லக்கூடும்.

அப்படிச் சொன்னால் பொறுப்பு யாருடையது? கனடாவில் இதற்கு விடை கிடைத்திருக்கிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதள உரையாடல் கருவி, துக்கப் பயணக் கட்டணச் சலுகையைப் பற்றி ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. கருவி சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தை பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் நிராகரித்து, இழப்பீடு தரச் சொன்னது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், வாடிக்கையாளர் எப்படிப் பார்ப்பார் என்பதில் இங்கும் அங்கும் வேறுபாடு இராது.

ஆய்வுகள் காட்டும் இரண்டு பக்கங்கள்

பயன் உண்டா என்றால், உண்டு. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களைப் பற்றி எரிக் பிரின்யால்ஃப்சன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கருவி கிடைத்த பின் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தன. புதியவர்களிடம் உயர்வு சுமார் 34 விழுக்காடு. கைதேர்ந்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. திறமைசாலிகளின் பழைய உரையாடல்களிலிருந்து கருவி கற்றதைப் புதியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

அதே ஆண்டு பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கருவிக்குக் கைவந்த பணிகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் அதிகமாகவும் விரைவாகவும் தரமாகவும் முடித்தார்கள். கருவியின் எல்லைக்கு வெளியே வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு பணியிலோ, கருவியைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்று கருவி சொல்வதில்லை. படித்த ஆலோசகர்களே ஏமாந்த இடம் அது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனிதவளப் பொறுப்பாளரின் முதல் வேலை தெளிவாகும். எந்தப் பணி எல்லைக்குள், எது வெளியே என்று தன் நிறுவனத்துக்கு வரைந்து பார்க்க வேண்டும். இதை மென்பொருள் விற்பவரால் செய்ய முடியாது. அந்த வேலையைத் தினமும் செய்பவரால்தான் முடியும்.

வேலையைப் பணிகளாகப் பிரித்தல்

ஒரு வேலை முழுவதையும் கருவி எடுத்துக்கொள்வது அரிது. வேலைக்குள் இருக்கும் சில பணிகளை அது எடுத்துக்கொள்ளும். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது வீடு திரும்பும் நோயாளிக்கான சிகிச்சைச் சுருக்கம், தயாரிக்கும் உதவியாளரின் வேலையை விரித்துப் பார்ப்போம்.

1. கேஸ் ஷீட்டிலிருந்து சிகிச்சை விவரங்களைத் திரட்டுதல். கருவி உதவலாம், ஆனால் கையெழுத்துப் பக்கங்களை அது எவ்வளவு சரியாகப் படிக்கிறது என்பதை முதலில் பழைய கோப்புகளில், பெயர்களை நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

2. சுருக்கத்தை ஆங்கிலத்தில் வரைவாக எழுதுதல். கருவி எழுதலாம், மருத்துவர் படித்துக் கையொப்பமிட வேண்டும்.

3. நோயாளிக்குத் தமிழில் மருந்துக் குறிப்பு எழுதுதல். மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. சீட்டில் 1-0-1 என்று இருப்பதைக் காலையும் இரவும் என்று எழுத வேண்டும். கருவி ஒருமுறை காலை, மதியம், இரவு என்று எழுதிவிட்டால், வாக்கியம் பிழையற்ற தமிழாக இருப்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். சீட்டை ஒரு கையிலும் குறிப்பை மறு கையிலும் வைத்து ஒவ்வொரு மருந்தாக ஒப்பிடும் ஆள், பெயரோடு நியமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆவணங்களைச் சரிபார்த்துப் பதிவேற்றுதல். எந்தத் தாள் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதைக் கருவியிடம் கொடுக்கலாம்.

5. வீட்டுக்குப் போகும் நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் வாய்மொழியாக விளக்குதல். இதைக் கருவியிடம் கொடுக்கக் கூடாது. மருந்து வாங்கப் பணம் இல்லை என்பதையும், பேத்தியைத் தவிர வீட்டில் எழுத்துப் படிக்க ஆள் இல்லை என்பதையும் நோயாளி அங்கேதான் சொல்வார்.

இப்படிப் பிரித்தவுடன், அந்த உதவியாளரின் இடத்தை நீக்கலாமா என்ற கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. தட்டச்சு குறைந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதும் நோயாளியிடம் பேசுவதும் கூடுகின்றன. அதற்கேற்பப் பணி விவரத்தையும் பயிற்சியையும் சம்பளத்தையும் மாற்றி எழுதுவது மனிதவளப் பொறுப்பாளரின் கடமை. வேலையின் சுமையும் பொறுப்பும் கூடும்போது சம்பளம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும் ஏற்பாடு நேர்மையானதல்ல.

அண்டி ஆபீசில் தரம் பிரிக்கும் கூடத்துக்கும் இதே முறையைப் பொருத்தலாம். டபிள்யூ 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழு வெள்ளைப் பருப்பு. இந்த எண்ணையும் நிறத்தையும் கேமரா இயந்திரம் விரைவாகப் பிரித்துவிடும். ஆனால் இயந்திரத்தின் வரம்புகளை எங்கே வைப்பது, இயந்திரம் ஒதுக்கியதில் எது உண்மையில் நல்ல பருப்பு, ஈரப்பதம் மாறிய நாளில் நிறம் எப்படி மாறித் தெரியும் என்பவை இருபது ஆண்டுகளாக மேசையில் அமர்ந்து பிரித்த பெண்களுக்குத்தான் தெரியும். இயந்திரத்தை அமைக்கும் பொறியாளர் அவர்களிடம் கேட்டுத்தான் அமைக்கிறார். அவர்களுடைய அறிவு இயந்திரத்துக்குள் போகிறது என்றால், இயந்திரத்தை மேற்பார்க்கும் பணியிடங்களில் முதல் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். எடைக்கணக்கில் கூலி தரும் இடங்களில், எடை குறையும்போது கூலியும் குறைந்துவிடாதபடி கணக்கை முன்கூட்டியே மாற்றவும் வேண்டும். வயதானவர்களால் புதிதாகக் கற்க முடியாது என்று மேலாளர்கள் சிலர் சொல்வதை ஏற்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. கற்பிக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுத்துப் பார்த்தபின் அப்படிச் சொல்லட்டும்.

கைபேசியில் ஏற்கெனவே நடப்பது

நிறுவனம் எதையும் வாங்காவிட்டாலும் ஊழியர்கள் பயன்படுத்துவார்கள். இதுதான் உடனடி ஆபத்து. சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஊழியர்கள் நிறுவனத்தின் ரகசியக் கணினி நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்ததும், 2023 மே மாதம் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. இந்தியாவின் நிதி அமைச்சகமும் அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 ஜனவரி இறுதியில் சுற்றறிக்கை விட்டது.

முழுத் தடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தடை போட்டால் பயன்பாடு மறைவாகும். மறைவானால் பிழை நடந்தாலும் ஊழியர் சொல்ல மாட்டார். பக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென வெளியிட்ட கொள்கை நல்ல முன்மாதிரி. தீர்ப்புக்கோ முடிவுக்கோ கருவியைப் பயன்படுத்தக் கூடாது, ஒப்புதல் பெற்ற கருவிகளையே பயன்படுத்த வேண்டும், பயன்படுத்திய ஒவ்வொரு முறையையும் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிய விதிமுறை போதும். அதில் இருக்க வேண்டியவை:

1. எந்தக் கருவி, எந்தக் கணக்கின் வழியாக, எந்தப் பணிக்கு அனுமதி.

2. எவற்றை ஒருபோதும் உள்ளிடக் கூடாது: நோயாளி, மாணவர், வாடிக்கையாளர் ஆகியோரின் பெயர், ஆதார் எண், தொலைபேசி எண், மருத்துவ விவரம், சம்பளப் பட்டியல்.

3. கருவி எழுதியதை வெளியே அனுப்பும் முன் யார் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

4. பிழை நேர்ந்தால் யாரிடம் சொல்வது. உடனே சொன்னவர் மீது நடவடிக்கை இராது என்ற உறுதி.

நான்காவது இல்லாத விதிமுறை பயன்படாது. இரண்டாவதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது.

ஆள் எடுப்பதில் கவனம்

விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் மனிதவளப் பிரிவுக்கே விற்கப்படுவதால், இங்கே தவறு நேர்ந்தால் அது நேரடியாக அவர்களுடையது. அமேசான் நிறுவனம் பத்து ஆண்டு விண்ணப்பங்களைக் கொண்டு உருவாக்கிய ஒரு கருவி, பெண்கள் என்ற சொல் வரும் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது தெரியவந்து, அது கைவிடப்பட்ட செய்தி 2018 அக்டோபரில் வெளியானது. பழைய தேர்வுகளில் ஆண்கள் அதிகம் இருந்ததால், அதையே தகுதி என்று கருவி கற்றுக்கொண்டது.

நம் மாவட்டத்து விண்ணப்பங்களில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். வளைகுடா வேலையை முடித்துத் திரும்பி ஓராண்டு ஊரில் இருந்தவர், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் வேலைக்கு வரும் ஆசிரியை, தமிழ்வழியில் படித்த கடலோரக் கிராமத்து இளைஞர் ஆகியோரின் விண்ணப்பங்களில் உள்ள இடைவெளியையும் மொழிநடையையும் கருவி குறையாக எண்ணக்கூடும். கருவி தள்ளிய விண்ணப்பங்களில் ஒரு பங்கை ஒவ்வொரு முறையும் மனிதர் ஒருவர் எடுத்துப் படிக்க வேண்டும். தள்ளப்பட்டவர் காரணம் கேட்டால் சொல்லும்படி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆள் எடுக்கும் கருவிகளை உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அது தடையும் செய்துவிட்டது.

புதியவர் எங்கே கற்பார்

நீண்ட காலத்தில் மிகவும் பாதிக்கும் கேள்வி இதுதான், பேசப்படுவதோ குறைவு. மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வெளிவருபவர்கள் நாகர்கோவிலின் சிறு மென்பொருள் நிறுவனங்களிலோ, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ, சென்னையிலோ முதல் இரண்டு ஆண்டுகள் செய்யும் வேலை பெரும்பாலும் எளியது: நிரலைச் சோதித்தல், சிறு பிழைகளைத் திருத்துதல், ஆவணம் எழுதுதல். கருவி விரைவாகச் செய்துவிடும் பணிகளும் இவையே. செலவு கணக்கைப் பார்க்கும் முதலாளிக்கு, புதியவரை எடுக்காமல் இருப்பது லாபமாகத் தெரியும்.

ஆனால் அனுபவசாலி என்பவர் அந்த எளிய வேலைகளில் நூறு முறை தவறு செய்து, திருத்தப்பட்டு, அதன்பின் உருவானவர். கருவியின் விடையில் பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கும் கண் அப்படித்தான் வந்தது. புதியவர்களை எடுப்பதை நிறுத்திய நிறுவனத்தில், பத்து ஆண்டுகளுக்குப் பின் கருவியைச் சரிபார்க்க ஆள் இருக்க மாட்டார்கள். பயிற்சிப் பொறுப்பாளர் இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லத் தயங்கக் கூடாது.

மாற்று ஏற்பாடு கடினமானதல்ல. புதியவர் முதலில் கருவியின்றி ஒரு விடையை எழுத வேண்டும். பிறகு கருவியின் விடையை வாங்கி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூத்தவரிடம் விளக்க வேண்டும். கருவி தந்ததில் தவறைக் கண்டுபிடித்தால் அது அவருடைய மதிப்பீட்டில் ஏற வேண்டும். இதற்காக மூத்தவரின் வார வேலையில் சில மணி நேரம் அதிகாரப்பூர்வமாக ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் இந்த ஏற்பாடு நின்றுவிடும்.

பழைய ஊழியர்களுக்கான பயிற்சியும் ஒரு நாள் அரங்கக் கூட்டத்தோடு முடியக் கூடாது. மொழியும் ஒரு தடை: பெருமொழி மாதிரிகளின் பயிற்சித் தரவில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மிகக் குறைவு, விளவங்கோடு, கல்குளம் வட்டாரப் பேச்சு இன்னும் குறைவு. குரலைக் கேட்டு எழுதும் கருவியை வாங்கும் முன், உங்கள் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் பேசுவதை அவர்கள் ஒப்புதலுடன் பதிவு செய்து, அதில் சோதித்துப் பாருங்கள்.

முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமை

ஊழியர்களிடம் எப்போது சொல்வது என்பதில் நிர்வாகங்கள் தயங்குகின்றன. சட்டம் இதில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றம், பணி நிலைமைகளில் செய்யும் மாற்றங்களின் பட்டியலில் உள்ளது. அத்தகைய மாற்றத்துக்கு முன் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு அறிவிப்பு தந்து, 21 நாள் கழிந்த பின்னரே அதைச் செய்ய வேண்டும். ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் 15 நாள் தொகையை நிறுவனம் மறுதிறன் நிதிக்கு, அதாவது வேலை இழந்தவர் புதுத்திறன் கற்க உதவும் நிதிக்கு, செலுத்த வேண்டும். அது ஆட்குறைப்பு நடந்த 45 நாட்களுக்குள் அவருடைய கணக்கில் சேர வேண்டும். தட்டச்சர், எழுத்தர் போன்றோரும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவார்கள்.

பதினைந்து நாள் ஊதியத்தில் யாரும் புதுத்தொழில் கற்றுவிட முடியாது. சட்டம் கேட்பது அடிமட்ட அளவு மட்டுமே. 21 நாள் என்பதும் அப்படித்தான். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அந்த வேலையைச் செய்யும் இரண்டு மூன்று பேரைத் தேர்வுக் குழுவில் சேர்த்துக்கொள்வதும், சோதனைக் காலத்தில் கருவியின் பிழைகளை அவர்களே குறித்து வைக்கும் ஒரு பதிவேட்டைத் தொடங்குவதும், அந்தப் பதிவேட்டைப் பார்த்தபின் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் சட்டம் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியவை. வேண்டாம் என்ற முடிவும் வரலாம் என்பதைச் சோதனை தொடங்கும் நாளிலேயே நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். விற்பனையாளருடனான ஒப்பந்தத்திலும் அதற்கான வாசகம் இடம்பெற வேண்டும்.